டைடல் வந்தால் ஊர் வளருமா? டிஜிட்டல் பொருளாதாரமும் மாவட்டத்து வேலைகளும்

இந்தியாவின் டிஜிட்டல் பொருளாதாரம் எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டு, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணக்குப் போட்டுக் கொடுத்தது இக்ரியர் என்ற ஆய்வு நிறுவனம். 2022-23-ல் அதன் அளவு ரூ.31.64 லட்சம் கோடி, நாட்டு வருமானத்தில் 11.74 சதவீதம். அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண்ணும் இருந்தது. இந்தப் பொருளாதாரத்தில் வேலை பார்ப்பவர்கள் 1.467 கோடி பேர். மொத்தத் தொழிலாளர்களில் 2.55 சதவீதம்.

அதாவது வருமானத்தில் நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் இங்கிருந்து வருகிறது. வேலையிலோ நாற்பது பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஒரு தொழிலாளி ஈட்டும் மதிப்பு மற்ற துறைகளைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அறிக்கை இதைப் பெருமையாகச் சொல்கிறது. பெருமைதான். ஆனால் தென்காசியிலோ திருவாரூரிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறவருக்கு வேறு கேள்வி எழும். அந்தப் பன்னிரண்டு ரூபாயில் எங்கள் ஊருக்கு என்ன வரும்?

இதற்கு ஒரே பதில் இல்லை. காரணம், டிஜிட்டல் வியாபாரத்தில் வாடிக்கையாளர் ஓர் ஊரில் இருப்பார், வேலை செய்பவர் இன்னோர் ஊரில் இருப்பார், லாபம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு மூன்றாவது ஊரில் இருக்கும். ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ‘டிஜிட்டல் வளர்ச்சி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றில் எது நம் ஊருக்கு வந்தது, எது வராமல் போனது என்பது மறைந்துவிடுகிறது. என் பார்வையில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பழைய மகாபலிபுரம் சாலை சொல்வது

தமிழ்நாடு அரசின் முயற்சியில் உருவான தகவல் தொழில்நுட்பப் பூங்காவான சென்னை தரமணி டைடல் பூங்கா 2000 ஜூலை 4 அன்று திறக்கப்பட்டது. அப்போதைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1997-ல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்திருந்தது. அப்புறம் ஓ.எம்.ஆர். என்ற பழைய மகாபலிபுரம் சாலை எப்படி மாறியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்த வளர்ச்சியில் மாநிலத்துக்கு நேரடியாக வந்த வரி பலர் நினைப்பதைவிடக் குறைவு. மென்பொருள் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். வருமான வரி மத்திய அரசுக்குப் போய், பகிர்வில் ஒரு பங்குதான் திரும்பும். சொத்து வரி, பத்திரப் பதிவு, மின் கட்டணம் போன்றவை தவிர, இந்தப் பகுதிக்கு ஐடி நிறுவனங்கள் தந்த பெரிய பொருள் சம்பளம்தான். சம்பளம் வாங்கியவர்கள் வாடகை கொடுத்தார்கள், மெஸ்ஸில் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். அந்தச் செலவுதான் இரண்டாவது சுற்று வேலைகளை உண்டாக்கியது.

இந்த இரண்டாவது சுற்றை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி. அமெரிக்க நகரங்களில் உயர் தொழில்நுட்ப வேலை ஒன்று உருவானால், காலப்போக்கில் அந்நகரில் வேறு ஐந்து வேலைகள் உருவாகின்றன என்பது அவர் கணக்கு. அந்த ஐந்தில் இரண்டு மருத்துவர், வழக்கறிஞர் போன்ற படித்தவர் வேலைகள். மூன்று கடை, உணவகம் போன்றவை. சரி, அந்த எண்ணை அப்படியே சென்னைக்குத் தூக்கிவர முடியாது. இங்கே சம்பளமும் வேறு, கூலியும் வேறு. ஆனால் பொறிமுறை ஒன்றுதான்.

அந்த மூன்று பேர் யார் என்று பார்த்தால் கதை கொஞ்சம் கசக்கும். டைடல் எழுந்த அதே ஆண்டுகளில்தான், அதே சாலையோரம், சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகக் கண்ணகி நகர் கட்டப்பட்டது. பிறகு செம்மஞ்சேரி. நகரின் நடுவில் பார்த்துவந்த வீட்டு வேலையையும் கூலி வேலையையும் இழந்து வந்த பெண்கள் பலர் ஐடி வளாகங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவது ஐடி நிறுவனம் இல்லை, ஒப்பந்த நிறுவனம். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு தொழிலாளர் சந்தைகள். வேலை வந்தது என்பதை மறுக்க முடியாது. அந்த வேலையில் முன்னேறுவதற்குப் படி இருந்ததா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பதே என் கணிப்பு.

கட்டடம் வந்தால் போதுமா

சென்னையில் நடந்ததை மாவட்டங்களுக்கும் கொண்டுபோவதுதான் இப்போதைய அரசுத் திட்டம். ‘மினி டைடல்’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் டைடல் நியோ பூங்காக்கள் 2024-ல் விழுப்புரம் மாவட்டத்திலும் தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. விழுப்புரத்து வானூர் கட்டடம் சுமார் 63,000 சதுர அடி. ஏறக்குறைய ஐந்நூறு பேர் உட்காரலாம்.

நோக்கம் நல்லது. ஆனால் இந்த வழியில் நமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் நெல்லை கங்கைகொண்டானில் கட்டிய ஐடி வளாகம் பல ஆண்டுகள் போதிய நிறுவனங்கள் வராமல் கிடந்தது. அதே எல்காட் கோவை விளாங்குறிச்சியில் கட்டியது நிரம்பியது. கட்டடமும் சலுகையும் இரண்டு இடத்திலும் கிடைத்தன. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது.

ஒரு மென்பொருள் பொறியாளர் ஊர் மாறும்போது அந்த ஒரு வேலையை மட்டும் பார்ப்பதில்லை. இது போய்விட்டால் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா, கணவருக்கோ மனைவிக்கோ வேலை இருக்கிறதா, நல்ல பள்ளியும் ஆஸ்பத்திரியும் உண்டா என்று பார்க்கிறார். நிறுவனமும் அதையே மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது: பத்துப் பேர் விலகினால் அடுத்த மாதம் பத்துப் பேர் கிடைப்பார்களா? இரண்டு தரப்பும் மற்றவர் வரட்டும் என்று காத்திருந்தால் கட்டடம் காலியாகத்தான் கிடக்கும். கோவையில் பஞ்சாலையும் பம்புசெட்டும் வளர்த்த தொழில் குடும்பங்கள், பொறியியல் கல்லூரிகள், மருத்துவமனைகள், விமான நிலையம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பாஷ் போன்ற பன்னாட்டு நிறுவனம் அங்கே பெரிய மையம் நடத்துவதற்கு இந்த அடித்தளம்தான் காரணம்.

இதற்கு விதிவிலக்காக எல்லோரும் காட்டுவது தென்காசியை. ஜோஹோ நிறுவனம் 2011-ல் மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் தொடங்கியது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அந்தப் பகுதிக்கே குடிபெயர்ந்தார். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. இது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால், மற்றவர்கள் ஏன் பின்தொடரவில்லை என்பதும் புரியும். ஜோஹோ தன் சொந்த மென்பொருளை விற்கிறது. எந்த ஊரில் இருந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்க ஒற்றைப் பெரிய வாடிக்கையாளர் இல்லை. பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம் என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் கிடைக்காத ஊரில் தொழிலாளரைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், முடிவெடுப்பவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். டெண்டர் போட்டுக் கட்டடம் கட்டுவதால் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைக்காது.

அதனால் மினி டைடல் வீண் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர் சிறு நிறுவனம் தொடங்க அது உதவும். பெண்களுக்கு இன்னும் அதிகம் உதவும். திருமணம், குழந்தை என்று சென்னை வேலையை விட்டவர்களுக்குப் பக்கத்து ஊரில் நாற்காலி கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதை ஓ.எம்.ஆரின் சிறிய பிரதி என்று நம்பித் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். இன்னொரு பக்கம், பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் உலகளாவியத் திறன் மையங்களுக்கு மாநில அரசு தரும் சம்பள மானியம் இருக்கிறது. முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள வேலைகளுக்கு. ஒரு லட்ச ரூபாய் வேலை முதலில் போய்ச் சேரும் இடம் சென்னையும் கோவையும்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடையில் ஒரு சின்னச் சங்கதி. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் கும்பகோணத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால், அவர் செலவு கும்பகோணத்தில். அவர் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரியோ அலுவலகம் இருக்கும் சென்னை மாநகராட்சிக்கு. ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு போட்டிருப்பதால் தொகை சிறியதுதான். ஆனாலும் குடிநீரும் குப்பை வண்டியும் தருவது ஓர் ஊர், வரி வாங்குவது இன்னோர் ஊர் என்ற நிலைமைக்கு நம் உள்ளாட்சி நிதி அமைப்பு இன்னும் தயாராகவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஆன்லைன் சந்தை யாருக்குப் பலன் தருகிறது

கிராமத்துக்கு இணையம் வந்தால் கிராமத்துப் பொருள் உலகுக்குப் போகும் என்பது அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. இதைச் சோதித்துப் பார்க்க உலகிலேயே சிறந்த இடம் சீனா.

ஜியாங்சு மாகாணத்தில் ஷாஜி என்ற ஊரை ஒட்டிய கிராமம் ஒன்று பிளாஸ்டிக் கழிவு பிரிப்பதற்குப் பெயர்போனது. 2006 வாக்கில் ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் மரச்சாமான் செய்து அலிபாபாவின் ஆன்லைன் விற்பனைத் தளமான தாவ்பாவில் விற்கத் தொடங்கினார். அண்டை வீட்டாரும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் ஊரே மரச்சாமான் ஊராயிற்று. இப்படிப்பட்ட ஊர்களை அலிபாபா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு ‘தாவ்பாவ் கிராமம்’ என்று கணக்கெடுத்தது. 2009-ல் மூன்றாக இருந்தவை 2022-ல் 7,780 ஆயின.

இதோடு நிறுத்தினால் வெற்றிக் கதை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செஜியாங், குவாங்டோங், ஜியாங்சு போன்ற, ஏற்கெனவே தொழிற்சாலைகள் நிறைந்த கடலோர மாகாணங்களில் இருந்தன. சரி, பின்தங்கிய கிராமங்களில் என்ன ஆகும்? அலிபாபாவும் அரசும் சேர்ந்து கிராமந்தோறும் ஆன்லைன் சேவை நிலையம் அமைத்தபோது, பொருளாதார அறிஞர்கள் நால்வர் மூன்று மாகாணங்களில் 100 கிராமங்களில் அதைச் சோதனை முறையில் ஆராய்ந்தார்கள். 2021-ல் வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. கிராமத்து உற்பத்தியாளர், தொழிலாளர் வருமானத்தில் சராசரியாகச் சொல்லும்படி மாற்றமில்லை. பலன் கிடைத்தது வாங்குபவர்களுக்கு, அதிலும் வசதியான, இளவயதுக் குடும்பங்களில் ஒரு சிறு பகுதிக்கு. கூரியர் எட்டாத ஊருக்குப் பொருள் மலிவாக வந்து சேர்ந்ததுதான் அந்தப் பலன். ஆக, சாலை இருவழி என்றாலும் சரக்கு பெரும்பாலும் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை.

நம் ஊர் நிலைமையும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆன்லைன் வியாபாரம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அங்கே தறியும் தையலும் சாயப்பட்டறையும் முன்பே இருந்தது. ஏற்றுமதி ஆர்டர் கிடைக்காத சிறு யூனிட்டுகள் டி-ஷர்ட்டும் நைட்டியும் தைத்து மீஷோ, பிளிப்கார்ட், அமேசானில் போட்டு விற்கின்றன. பேக்கிங்கில் பெண்களுக்கு வேலை, கூரியர் நிறுவனங்களில் ஆண்களுக்கு வேலை. ஆனால் விலையை முடிவு செய்வது திருப்பூர் இல்லை. தேடலில் முன்னால் வர விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சைஸ் சரியில்லை என்று திரும்பி வரும் பொருளுக்குப் போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையில் விழும். கையில் நிற்கும் லாபம் அந்த ரிட்டர்ன் கணக்கைப் பொறுத்தது.

சட்டமும் சிறியவர்களுக்கு நீண்ட நாள் இடைஞ்சலாக இருந்தது. கடையில் விற்றால் ஆண்டுக்கு ரூ.40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். அதே பொருளை ஆன்லைன் தளத்தில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில்தான் மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு இது தளர்த்தப்பட்டது. புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயைச் சென்னைக்கு அனுப்பலாம், பெங்களூருக்கு அனுப்பப் பதிவு வேண்டும் என்ற அளவில் இப்போது நிற்கிறது. சிவகாசிக்கு இந்த வழியே அடைப்பு. பட்டாசை இணையத் தளங்களில் விற்க உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இணையம் வேலையை உண்டாக்கவே இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. கடலடிக் கேபிள்கள் வந்து சேர்ந்தபோது ஆப்பிரிக்காவின் 12 நாடுகளில் நடந்ததை ஹ்யோர்ட், பூல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-ல் எழுதினார்கள். வேகமான இணையம் எட்டிய இடங்களில் வேலையில் இருப்போர் விகிதம் உயர்ந்தது, அதிகம் படிக்காதவர்களுக்கும். பக்கத்து ஊர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு வந்ததாகவும் தெரியவில்லை. கடை திறப்பதற்கும் இணைப்பு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. சீனக் கிராமத்துக்குக் கிடைத்தது ஒரு கம்பெனியின் விற்பனை நிலையம். ஆப்பிரிக்க நகரத்துக்குக் கிடைத்தது எல்லாத் தொழிலும் பயன்படுத்தக்கூடிய கம்பி.

பைக்கில் போகும் வேலை

சிறு நகரங்களில் டிஜிட்டல் பொருளாதாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டெலிவரி பையுடன் பைக்கில் போகிறவரைப் பார்த்தால் போதும். 2020-21-ல் நாட்டில் நிரந்தர வேலையின்றி வேலைக்கு வேலை கூலி பெறும் ‘கிக்’ தொழிலாளர்கள் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-ல் கணித்தது. இந்த வேலையின் சிறப்பு, அதை வேறு ஊருக்கு அனுப்ப முடியாது. நாகர்கோவில் பிரியாணியை நாகர்கோவில்காரர்தான் கொண்டுபோக வேண்டும். கூலி ஊரிலேயே நிற்கும். கமிஷன் நிற்காது. ஓட்டல்காரரிடம் பிடிக்கும் பங்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஊரை விட்டு வெளியே போகிறது.

கமிஷன் இப்படி வெளியே போவது தலைவிதி அல்ல, வியாபார முறை மட்டுமே என்பதற்கு ஆட்டோவே சாட்சி. சென்னை ஆட்டோ மீட்டர் கட்டணம் 2013-ல் நிர்ணயித்தது, அதன் பிறகு நீண்ட காலம் திருத்தப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் செயலிகள் நுழைந்தன. முதலில் சவாரிக்குச் சவாரி கமிஷன் எடுத்தார்கள். பிறகு கமிஷன் இல்லாமல் சந்தா மட்டும் வாங்கும் நம்ம யாத்ரி போன்ற செயலிகள் வந்ததும், 2025-ல் ஊபரும் ஆட்டோவுக்குச் சந்தா முறைக்கு மாறியது. அதே தொழில்நுட்பம், அதே சாலை. ஊரில் நிற்கும் பணம் மட்டும் கூடியது.

சட்டப் பாதுகாப்பு மெதுவாக வருகிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

டேட்டா சென்டர்களைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை. முதலீட்டு எண் பெரிதாகவும் வேலை எண் சிறிதாகவும் இருக்கும் தொழில் இது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவை குவிந்ததற்குக் காரணம் சென்னைக் கடற்கரையில் ஏறும் கடலடிக் கேபிள்களும் மின்சாரமும். கூகுள் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் அறிவித்தபோது, ஏன் தமிழ்நாட்டுக்கு வரவில்லை என்று இங்கே அரசியல் சண்டையே நடந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, கட்டி முடித்தபின் சில நூறு பேருக்கு என்பதே உலகெங்கும் பார்த்த வழக்கம். தண்ணீரையும் மின்சாரத்தையும் யார் தருகிறார்கள் என்ற கணக்கைப் போட்ட பிறகு சண்டை போட்டிருக்கலாம்.

மாவட்டங்களுக்கு நெருக்கமான கேள்வி செயற்கை நுண்ணறிவில் (ஏஐ) இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் ஆதரவில் தொடங்கிய தேசிக்ரூ 2000-களிலேயே திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் கிராமத்து பிபிஓ, அதாவது பிற நிறுவனங்களின் அலுவலக வேலையை எடுத்துச் செய்யும் மையம், நடத்தியது. அன்று டேட்டா என்ட்ரி. இன்று அதே வகை நிறுவனங்களில் பட்டதாரிப் பெண்கள் படத்துக்கும் குரலுக்கும் குறிச்சொல் போட்டு ஏஐக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம், டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஏஐ காரணமில்லை, தேவையான திறன் பொருந்தவில்லை என்று அந்நிறுவனம் விளக்கியது. எப்படியிருந்தாலும், ஓ.எம்.ஆரில் ஒரு பொறியாளர் வேலை போனால் மெஸ்ஸும் பிஜி விடுதியும் சேர்ந்து பாதிக்கும். மொரெட்டியின் ஐந்து எதிர்த் திசையிலும் வேலை செய்யும்.

இதையெல்லாம் மாவட்ட வாரியாக அளந்து சொல்ல இதுவரை நம்மிடம் ஒழுங்கான தரவு இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பு முன்பு மாநில அளவோடு நின்றுவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அதை மாதந்தோறும் வெளியிடும் வகையில் மாற்றி, மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் ஒழுங்காக வரத் தொடங்கினால், மினி டைடல் வந்த மாவட்டத்தில் சேவைத்துறை வேலையும் சம்பளமும் பக்கத்து மாவட்டத்தைவிடக் கூடியதா என்று யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவரை திறப்பு விழாவில் ‘இத்தனை பேருக்கு வேலை’ என்று சொல்லும் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். பல நேரம் அது கட்டடத்துக்குள் போடக்கூடிய நாற்காலிகளின் எண்ணிக்கைதான்.